பதில் சொன்ன மண்பொம்மைகள்

நைல் நதி கடலைத் தொடுமுன் பல கிளைகளாகப் பிரிகிற இடத்தில் ஒரு பெரிய நாணல்காடு இருந்தது. அங்கே நெபுரா என்ற நீர்யானை மன்னராக இருந்தார். தண்ணீருக்கு மேலே இரண்டு காதும் மூக்கும் தெரிந்தால், மன்னர் அரியணையில் இருக்கிறார் என்று அர்த்தம். எதுவும் தெரியவில்லை என்றால், மன்னர் தூங்குகிறார் என்று அர்த்தம். அப்போது யாரும் தும்மக்கூடக் கூடாது.

மன்னருக்கு சாபு என்ற நரி மந்திரி. உடம்பு ஒல்லி. காது நீளம். பேச்சு அதைவிட நீளம்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மன்னர் ஆனதுமே, அவருக்கு மேற்குக் கரை மணல்மேட்டில் கல்லறை கட்டத் தொடங்கிவிடுவார்கள். செத்த பிறகு மன்னர் இன்னோர் உலகத்துக்குப் போய் அங்கேயும் ஆள்வாராம். அங்கே அவருக்கு எல்லாம் வேண்டுமே! நீலமணி மாலை, தந்தக் கட்டில், ஏறிப் போக ஒரு நாணல் படகு, போட்டுக்கொள்ளத் தங்க முகமூடி. நெபுரா மன்னருக்கு முகமூடி செய்தபோது, வாய்க்கு மட்டுமே பாதித் தங்கம் போய்விட்டது. பாவம், தட்டான் என்ன செய்வான்? நீர்யானை வாய்!

இதோடு மண்பொம்மைகளும் வைப்பார்கள். அந்த உலகத்திலும் வயல் உண்டு, வயல் வேலையும் உண்டு. மன்னரே போய்ச் சேற்றில் இறங்க முடியுமா? அதற்குத்தான் பொம்மைகள். கழுதைப் பொம்மை, வாத்துப் பொம்மை, தவளைப் பொம்மை என்று காட்டில் இருக்கிற எல்லாருக்கும் ஒரு பொம்மை. மன்னர் "வேலைக்கு வா!" என்று கூப்பிட்டால், பொம்மை "இதோ வந்தேன்!" என்று பதில் சொல்லி எழுந்து போக வேண்டும். அதனால் 'பதில் பொம்மைகள்' என்றே அவற்றுக்குப் பெயர்.

மன்னர் பலசாலி. ஆனாலும் அவருக்கு ஒரு பயம் இருந்தது.

ஒருநாள் அவர் தன் அப்பாவின் கல்லறை மேட்டுப் பக்கம் போனார். அங்கே ஒரு தவளை வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"இது யாருடைய மேடு, தெரியுமா?" என்று மன்னர் கேட்டார்.

"தெரியலீங்களே மகாராஜா! ஏதோ மணல்மேடுங்க. உட்கார சௌகரியமா இருக்குங்க" என்றது தவளை.

மன்னர் அன்று முழுக்கத் தண்ணீரைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. எவ்வளவு பெரிய மன்னர் என் அப்பா! உள்ளே எவ்வளவு தங்கம்! பேர் சொல்ல ஒருவரும் இல்லையே! நாளைக்கு என் கதியும் இதுதானா?

சாபுவுக்கு இது போதுமானதாக இருந்தது.

"பெருமானே!" என்று குழைந்தது நரி. "தங்கள் தந்தையார் விஷயத்தில் நடந்த பிழை என்னவென்றால், வைத்தது போதவில்லை! தங்கம் மட்டும் வைத்தார்கள். தானியம் வைத்தார்களா? பசித்த மன்னரை யார் மதிப்பார்கள்? தங்கள் கல்லறையில் காட்டின் வாற்கோதுமை முழுவதையும் வைப்போம். தாங்கள் உயிரோடு இருக்கும்போதே, தங்கள் கண் முன்னாலேயே கதவை மூடி முத்திரை வைப்போம். பிறகு ஒரு பயலும் கை வைக்க முடியாது!"

"முழுவதையுமா? விதைக்கு?" என்றார் மன்னர்.

"விதை என்பது வருகிற வருஷத்துக்கு. தங்கள் பெயர் என்பது எல்லா வருஷத்துக்கும்!"

மன்னரின் காது இரண்டும் ஒருமுறை சுழன்றன. அது சம்மதம் என்று அர்த்தம்.

அந்தக் காட்டில் பயிர் வைப்பது சுலபம். கோடை முடிவில் ஒரு பிரகாசமான நட்சத்திரம் விடியலில் கிழக்கே எழும். அது தெரிந்தால் ஆற்றில் வெள்ளம் வரும். வெள்ளம் கறுப்பு வண்டலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு வடியும். கழுதைகள் உழும், வாத்துகள் விதை தூவும், எல்லாரும் சாப்பிடுவார்கள். ஆனால் போன வருஷம் வெள்ளம் கணுக்காலைத்தான் நனைத்தது. அறுவடையில் பாதி பதர். மிச்சம் இருந்தது விதைத் தானியம் மட்டுமே. அதையும் இப்போது மந்திரியின் ஆட்கள் வீடு வீடாக வந்து வாரிக்கொண்டு போனார்கள்.

கென்கா என்ற தாய் வாத்து கடைசிப் பானையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"இதை எடுத்தா என் குஞ்சுங்க வர்ற வருஷம் என்னத்தைத் திங்கும்?" என்று கத்தியது.

"பெருமை! மன்னரின் பெருமையைத் தின்னட்டும்!" என்றது மந்திரியின் ஆள். அதுவும் நரிதான். மந்திரிக்கு மச்சான் முறை.

பானை போய்விட்டது. நட்சத்திரம் எழ இன்னும் சில நாட்களே இருந்தன.

இதே காட்டில் மெரித் என்ற கொண்டை வானம்பாடி ஒன்று இருந்தது. அதற்கு வராத குரல் கிடையாது. கழுதை மாதிரி அலுத்துக்கொள்ளும். தவளை மாதிரி இழுக்கும். முதலைத் தளபதி மாதிரி "வழிவிடு! வழிவிடு!" என்று உறுமும், குளித்துக்கொண்டிருந்த கூட்டமே விழுந்தடித்துக்கொண்டு கரையேறும். மேலே பார்த்தால் ஒரு கைப்பிடி அளவுக் குருவி நாணலில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கும்.

"உன்னை ஒருநாள் பிடிச்சு இறகை உரிக்கிறேன் பாரு!" என்று எல்லாரும் திட்டுவார்கள். திட்டின அதே குரலில், அதே வார்த்தையில், மெரித் திருப்பிச் சொல்லும். திட்டினவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும்.

ஒருநாள் மந்திரி சாபு அதைத் தனியாகக் கூப்பிட்டது.

"மெரித், உனக்கு ஒரு வேலை. கதவை மூடும் முன்னால் மன்னர் கல்லறைக்குள் வந்து பொம்மைகளைக் கூப்பிட்டுப் பார்ப்பார். பொம்மைகள் பதில் சொல்ல வேண்டும்."

"மண்பொம்மை எப்படிப் பேசும் மந்திரியாரே?"

"பேசாது. அதனால்தான் நீ! கூரைக்குக் கீழே ஒரு காற்றுத் துளை இருக்கிறது. அதில் ஒளிந்துகொள். கழுதைப் பொம்மையைக் கூப்பிட்டால் கழுதைக் குரலில், வாத்துப் பொம்மையைக் கூப்பிட்டால் வாத்துக் குரலில், இரண்டே வார்த்தை: 'இதோ வந்தேன்!' வேறு ஒன்றும் பேசாதே. தினமும் உனக்கு ஒரு பிடி தானியம் தருகிறேன்."

"மன்னர் கண்டுபிடிச்சிட்டா?"

"நான்தான் பக்கத்தில் நிற்பேனே! பேசியது பொம்மைதான் என்று ஆயிரம் சத்தியம் செய்வேன். நீ மட்டும் வெளியே வாய் திறந்தால், இரண்டு பேர் தலையும் போகும். ஞாபகம் இருக்கட்டும்!"

மெரித்துக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மன்னரையே ஏமாற்றும் குறும்பு! இதற்குத் தானியமும் கொடுக்கிறார்களா!

ஒத்திகைக்காக அது கல்லறைக்குள் போனது. உள்ளே தங்கம் மஞ்சளாய் மினுமினுத்தது. பொம்மைகள் சுவர் ஓரம் வரிசையாக நின்றன. எல்லாப் பொம்மைக்கும் முன்னால், கையில் நாணல் சாட்டையோடு ஒரு நரிப் பொம்மை. அது மேஸ்திரிப் பொம்மையாம்! மெரித் அதன் தலையில் உட்கார்ந்து, "டேய், வேலையைப் பாருங்கடா!" என்று சாபுவின் குரலில் அதட்டிப் பார்த்தது. பிரமாதமாக இருந்தது.

பிறகு அதற்குப் பசித்தது. பக்கத்தில் தானியப் பானைகள். ஒரே ஒரு மணி எடுத்தால் என்ன? பானையை மூடியிருந்த நாணல் தட்டியில் அலகை நுழைத்துக் கொத்தியது.

"தூ! தூ!"

மணல்.

அடுத்த பானையைக் கொத்தியது. மணல். அதற்கடுத்தது, மூலையில் இருந்தது, மேலே அடுக்கியிருந்தது, எல்லாவற்றிலும் மணல்! அலகு தேய்ந்ததுதான் மிச்சம்.

அப்போது பின்சுவரில் ஏதோ பிறாண்டியது. மெரித் காற்றுத் துளைக்குள் பாய்ந்து ஒளிந்தது. சுவரின் அடிப்பக்கத்துக் கல் ஒன்று நகர்ந்தது. அங்கே ஒரு வளை! வளைக்குள்ளிருந்து சாபு வெளியே வந்தது. வளை வாசலில் வாற்கோதுமை மணிகள் சிந்திக் கிடந்தன.

நரி சுற்றும் முற்றும் பார்த்தது. தங்க முகமூடியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டது. முகமூடி நேரே இடுப்பு வரை இறங்கிவிட்டது. உள்ளிருந்து குரல் மட்டும் கிணற்றுக்குள் பேசுவதுபோல் கேட்டது.

"முத்திரை வைத்தாயிற்று! வெள்ளம் வந்தாயிற்று! விதை எங்கே? விதை இல்லை! எல்லாரும் பட்டினி! அப்போது யார் வருகிறார்? சாபு வருகிறார்! 'அன்பான பிரஜைகளே, தானியம் என் வளையில் இருக்கிறது. என்னை மன்னர் என்று கூப்பிட்டால் ஆளுக்கு ஒரு பிடி!' மன்னர் சாபு வாழ்க! வாழ்க! வாழ்க!"

முகமூடியைக் கழற்ற நரி பட்ட பாடு தனிக் கதை. காது மாட்டிக்கொண்டது.

அது போனதும் மெரித் விருட்டென்று பறந்து வாத்திடம் போனது.

"கென்கா அக்கா! பானையில எல்லாம் மணல்! தானியத்தை மந்திரி திருடிட்டார்!"

"போடி அந்தப் பக்கம்!" என்றது வாத்து. "போன வாரம் முதலை வருதுன்னு கத்தினே. குஞ்சுகளை இழுத்துக்கிட்டு முள்ளுக்குள்ள ஓடினேன். இன்னும் கால் வலிக்குது."

"இல்லக்கா, இது நிஜம்!"

"அன்னிக்கும் இதேதான் சொன்னே."

கழுதையிடம் போனது. கழுதை கொட்டாவி விட்டது. தவளைகளிடம் போனது. "நல்லா இருக்கு, இன்னொரு தடவை மந்திரி மாதிரி பேசிக் காட்டேன்!" என்று தவளைகள் கைதட்டின. ஒருவரும் நம்பவில்லை.

மெரித் நாணலில் போய் உட்கார்ந்தது. கீழே கென்காவின் குஞ்சுகள் காய்ந்த வேரைக் கிளறிக்கொண்டிருந்தன. ஒரு குஞ்சு மண்ணை விழுங்கிவிட்டு இருமியது. மெரித்தின் நாக்கிலும் இன்னும் மணல் இருந்தது. முதல் தடவையாக அதற்கு யாரையும் கேலி செய்யத் தோன்றவில்லை.

'நான் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. பொம்மை சொன்னா?'

மாட்டினால் தலை போகும். ஆனால் கதவை மூடி முத்திரை வைத்துவிட்டால் பிறகு யாரும் திறக்கக் கூடாது. மணலா தானியமா என்று பார்க்க ஒருவராலும் முடியாது.

முத்திரை வைக்கிற நாள் வந்தது. அன்று விடியலில்தான் நட்சத்திரம் எழுந்திருந்தது. காடே மேற்குக் கரையில் கூடிவிட்டது. மன்னர் தண்ணீரைவிட்டு மணல்மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தார். தோல் காய்ந்துவிடாமல் இருக்கத் தவளைகள் இரண்டு பக்கமும் குடத்தோடு ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றின. வாசலில் முதலைத் தளபதி காவல் நின்றது. கூட்டம் கதவருகே நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது.

சாபு முன்னால் வந்து நின்றது.

"கவனியுங்கள்! இந்தப் பொம்மைகள் பொய் சொல்லாது. ஏன் சொல்ல வேண்டும்? மண்ணுக்கு வயிறு உண்டா? ஆசை உண்டா? இவை சொல்வது ஒவ்வொன்றும் சத்தியம். என் காதின் மேல் ஆணை!"

"ஆணை!" என்றது கூட்டம்.

மன்னர் தொண்டையைச் செருமினார். "தவளையே, வேலைக்கு வா!"

"இதோ வந்தேனுங்க!" என்றது தவளைக் குரல்.

கூட்டம் 'ஆ' என்று வாய் பிளந்தது. மன்னரின் கண்ணில் சந்தோஷம்! சாபு மீசையைத் தடவிக்கொண்டது.

"கழுதையே, வா! என் வயலை உழு!"

மெரித் துளைக்குள் இன்னும் ஒடுங்கிக்கொண்டது. 'இதோ வந்தேன்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடலாமா? குஞ்சு இருமியது ஞாபகம் வந்தது. கழுதை எப்போதும் அலுத்துக்கொள்வது மாதிரியே இழுத்தது:

"இதோ வந்தேன்... உழுறதைப் பத்தி ஒண்ணும் இல்ல. தண்ணிக்கு என்ன பண்றது? அங்கே தேமு வாய்க்கால் மாதிரி ஒண்ணு இருக்கா? அது இல்லேன்னா நாங்க எப்பவோ செத்துச் சுண்ணாம்பாகியிருப்போம்..."

சாபு பலமாக இருமியது. காற்றுத் துளையைப் பார்த்துக் கண்ணை உருட்டியது.

மன்னர் அசையாமல் நின்றார். காதுகூட ஆடவில்லை.

"என்ன வாய்க்கால்? என்ன பெயர் சொன்னாய்?"

"தேமு வாய்க்கால்தான் மகாராஜா!" என்று வெளியே இருந்த உண்மையான கழுதை குரல் கொடுத்தது. "தாமரைக் குளத்துக்குத் தண்ணி வருதே, அதுதான்!"

"அரண்மனையில் அதை மேற்கு வாய்க்கால் என்பார்களே!"

"எங்களுக்கு அது தேமு வாய்க்கால்தானுங்க!" என்றன தவளைகள். "எங்க பாட்டெல்லாமே அதை வெச்சுத்தானே!"

"தேமு யார்?" என்று கேட்டார் மன்னர்.

"யாருன்னு தெரியாதுங்க. ஏதோ ஒரு பஞ்சத்துல தானே இறங்கி, மார்பால மண்ணைத் தள்ளித் தள்ளி வெட்டினாராம். நல்லவரு. தினம் தண்ணி குடிக்கிறப்போ அவர் பேரைச் சொல்லாம குடிக்கமாட்டோம்."

மன்னர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். பூமி லேசாக அதிர்ந்தது.

"தேமு என் அப்பா" என்றார்.

மேட்டில் வெயில் காய்ந்த தவளை, குடத்தால் முகத்தை மறைத்துக்கொண்டது.

மெரித்துக்கும் தூக்கிவாரிப்போட்டது. அதற்கு இது தெரியாது. கழுதை தினமும் சொல்கிறதையே அது சொன்னது, அவ்வளவுதான்!

"பெருமானே, நேரமாகிறது!" சாபு அவசரப்பட்டது. "முத்திரையை வைத்துவிடலாமே!"

"இரு!" என்றார் மன்னர். அவர் பார்வை வாத்துப் பொம்மையின் மேல் போனது. "வாத்தே, வா. என் வயலில் விதை தூவு."

"இதோ வந்தேன் மகாராஜா!" கென்காவின் குரல்! கென்காவே கழுத்தை நீட்டிப் பார்த்தது. "தூவுறதுக்கு வந்துட்டேன். எதைத் தூவறது? மணலையா?"

"மணலா?"

"பானையில மணல்தானே இருக்கு!"

"உளறல்!" என்று குதித்தது சாபு. "பொம்மை உளறுகிறது! களிமண் சரியாக வேகவில்லை!"

"நீதான் சொன்னாய், பொம்மை பொய் சொல்லாது என்று" என்றார் மன்னர். எழுந்து போய் ஒரு பானையில் கால் வைத்தார். பானை உடைந்தது. மணல் கொட்டியது. இன்னொன்று. மணல். மன்னர் ஒரு வரிசையையே மிதித்தார். கல்லறையெல்லாம் ஒரே தூசி, கூட்டமே தும்மியது. ஒரு மணி தானியம் இல்லை!

மன்னர் நரிப் பொம்மையின் பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரி! நீ சொல். தானியம் எங்கே?"

காற்றுத் துளையிலிருந்து சாபுவின் குரலே வந்தது. கிணற்றுக்குள் பேசுவது மாதிரி, வார்த்தை மாறாமல்!

"முத்திரை வைத்தாயிற்று! வெள்ளம் வந்தாயிற்று! விதை எங்கே? விதை இல்லை! எல்லாரும் பட்டினி! அப்போது யார் வருகிறார்? சாபு வருகிறார்! 'அன்பான பிரஜைகளே, தானியம் என் வளையில் இருக்கிறது. என்னை மன்னர் என்று கூப்பிட்டால் ஆளுக்கு ஒரு பிடி!' மன்னர் சாபு வாழ்க!"

உண்மையான சாபுவுக்கு வால் விறைத்துப்போனது.

"நான் பேசவில்லை! நான் இல்லை! அது குருவி! மேலே துளையில் குருவி இருக்கிறது! நான்தான் அதை உட்கார வைத்தேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அதற்கு உறைத்தது.

"அப்படியா?" மன்னர் வாயைப் பெரிதாகத் திறந்து மூடினார். "பேசியது பொம்மை என்றால் நீ திருடன். பேசியது குருவி என்றால், என் முகத்துக்கு நேரே ஆணையிட்டு ஏமாற்றியவன். இரண்டில் எது வேண்டும், நீயே சொல்!"

சாபு பின்சுவர்க் கல்லைத் தள்ளிவிட்டு வளைக்குள் பாய்ந்தது! முதலைத் தளபதி அவசரமே படவில்லை. மேட்டைச் சுற்றிக்கொண்டு போய், வளையின் மறுவாசலில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்துவிட்டது. நரி எவ்வளவு வேகமாகப் போனதோ அவ்வளவு வேகமாகப் பின்பக்கமாகவே திரும்பி வந்தது. உடம்பெல்லாம் வாற்கோதுமை ஒட்டியிருந்தது.

"குருவி!" என்றார் மன்னர். "கீழே வா."

மெரித் வந்தது. எல்லாப் பொம்மைகளையும்விடச் சின்னதாக, தரையில் நின்றது.

"பேசு."

மெரித் வாயைத் திறந்தது. மெல்லிய, கொஞ்சம் நடுங்குகிற ஒரு குரல் வந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க அரசே. தானிய ஆசையில உங்களை ஏமாத்தத்தான் ஒத்துக்கிட்டேன். அப்புறம் பானையைக் கொத்தினேன்..."

"இது யாருடைய குரல்?"

"என்னோடதுதாங்க. அவ்வளவா உபயோகிச்சதில்ல."

தும்மிக்கொண்டிருந்த கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மன்னரின் வயிறும் குலுங்கியது. அதற்குப் பிறகு காடே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் கென்கா முன்னால் வந்தது. குரலில் இன்னும் பயம் இருந்தது.

"மகாராஜா, இப்போ தானியம் கிடைச்சிருச்சு. அதைத் திரும்பப் பானையில போட்டுக் கதவை மூடிடுவீங்களா?"

மன்னர் தங்கத்தைப் பார்த்தார். நீலமணியைப் பார்த்தார். கழுதையைப் பார்த்தார்.

"என் அப்பாவின் மேட்டில் இதைவிட அதிகத் தங்கம் இருக்கிறது" என்றார். "அது ஒருநாளும் அவர் பெயரைச் சொன்னதில்லை. சேறு பூசிக்கொண்டு வெட்டிய வாய்க்கால்தான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கதவை மூட வேண்டாம். கதவையே கழற்றுங்கள்!"

அன்றே ஆற்று நீர் சிவந்து பொங்க ஆரம்பித்தது. நல்ல வெள்ளம்! அது வண்டலைப் போட்டுவிட்டு வடிந்ததும் எல்லாரும் வயலுக்குப் போனார்கள். விதை கொண்டுபோக ஆளுக்கொரு பாத்திரம் இல்லை. பானைகளைத்தான் மன்னர் மிதித்துவிட்டாரே! கல்லறைப் படகில் தானியத்தை ஏற்றினார்கள். தங்க முகமூடியைத் திருப்பிப் போட்டு, அந்தப் பெரிய வாய் நிறைய விதையை அள்ளினார்கள். கழுதை அதை முதுகில் சுமந்தது. "இதுக்காகத்தான் இவ்வளவு பெரிசா செஞ்சாங்க போல!" என்றது. மன்னர் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டார். அவரே சேற்றில் இறங்கி, மார்பால் பாத்தி தள்ளிக்கொண்டிருந்தார்.

பதில் பொம்மைகள் கென்காவின் குஞ்சுகளுக்கு விளையாடக் கிடைத்தன. ஒரு குஞ்சு நரிப் பொம்மையின் சாட்டையை முதல் நாளே தின்றுவிட்டது.

சாபுவுக்கு என்ன தண்டனை? முதலை ஆசையோடு காத்திருந்தது. மன்னர் தலையை ஆட்டினார்.

"பதில் பொம்மைகளின் வேலையை இனி இவனே செய்யட்டும். காட்டில் யார் கூப்பிட்டாலும், எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும், 'இதோ வந்தேன்!' என்று சொல்லி ஓடி வர வேண்டும்."

முதல் வாரம் நரிக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. "சாபு, களை பறி!" "இதோ வந்தேன்!" "சாபு, என் முதுகைச் சொறி!" "இதோ வந்தேன்!" சில சமயம் யாரும் கூப்பிடவே இல்லை. மெரித் கூப்பிட்டிருக்கும். இன்றும் மாலையில் ஒரு நரி குரல் கொடுத்தால் தூரத்தில் மற்ற நரிகளெல்லாம் அடித்துப்பிடித்துக்கொண்டு பதில் கொடுப்பதற்கு இதுதான் காரணம் என்று நைல் கரைத் தவளைகள் சொல்கின்றன. தவளைகள் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது உங்கள் விருப்பம்.

அறுவடை ஆனதும், கதவில்லாத கல்லறையில் விதைத் தானியத்தைச் சேர்த்து வைத்தார்கள். வெள்ளம் குறைந்த வருஷங்களில் யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். மெரித்துக்கு அங்கே காவல் வேலை. திருடர் யாராவது பக்கத்தில் வந்தால் முதலைக் குரலில் உறுமும். பசித்தவர் வந்தால் தன் சொந்தக் குரலில், "வாங்க, உள்ளே வாங்க!" என்று கூப்பிடும்.

பல வருஷங்கள் கழித்து, மன்னர் வயதாகி அமைதியாகக் கண் மூடினார். அதன் பிறகு ஒருநாள் வெளியூர் நாரை ஒன்று அந்த மேட்டில் இறங்கியது. அங்கே வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு குட்டித் தவளையிடம் கேட்டது:

"தம்பி, இது என்ன இடம்?"

"இது தெரியாதா? நெபுரா களஞ்சியம்!" என்றது தவளை. "பசிக்குதா உங்களுக்கு?"

தனக்கென்று பூட்டி வைத்த செல்வம் எவ்வளவு பெரிதானாலும் யாருடைய பெயரையும் காப்பாற்றாது. பிறர் பசி தீரக் கொடுத்ததுதான் காப்பாற்றும்.